மணலுக்குள் மிதக்கும் தண்ணீர்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ, கடற்கரை வீதிக்குச் சற்று மேற்கே உள்ள ஒரு வளவில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஓர் ஆள் ஆழம் போவதற்குள் மணல் ஈரமாகிவிடும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் நாலா பக்கமிருந்தும் தண்ணீர் ஊறி வரும். அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில்தான் நிற்கிறோம், ஆனாலும் அள்ளி வாயில் வைத்தால் உப்புக் கரிக்காது. மருதமுனையிலிருந்து நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அக்கரைப்பற்று என்று தெற்கே பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களின் பழைய வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தது இந்த மணல்தான்.

மணலில் எங்கு பார்த்தாலும் இடைவெளி. கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவே பாறையும் இல்லை, சுவரும் இல்லை. அப்படியிருக்கக் கடல் ஏன் கிணற்றுக்குள் வரவில்லை?

உண்மையில் கடல் வந்துதான் இருக்கிறது, கிணற்றின் அடிக்குக் கீழே. மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ஒரு லீற்றர் நன்னீரின் எடை 1,000 கிராம். ஒரு லீற்றர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் கரையோரத்தின் குடிநீர் முழுவதும் தங்கியிருக்கிறது. 1,000ஐ 25ஆல் வகுத்தால் 40. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு பங்கு உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே அதைப்போல நாற்பது பங்கு ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. ஒரு சாண் உயரம் நின்றால் போதும், கீழே ஒன்பது மீற்றர் நல்ல தண்ணீர்.

இந்தக் கணக்கை 1880களின் இறுதியில் நெதர்லாந்தின் இராணுவப் பொறியியலாளர் வில்லெம் படோன் கெய்பன் ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் கிணறு ஒன்றுக்காக எழுதிவைத்தார். அதை அறியாமலே ஜெர்மனியின் அலெக்சாண்டர் ஹெர்ஸ்பெர்க், வடகடல் தீவுகளின் கிணறுகளை ஆராய்ந்து 1901இல் அதே முடிவுக்கு வந்தார். இன்று இருவர் பெயரையும் சேர்த்தே அந்த விதியைச் சொல்கிறார்கள். மேலும் கீழும் குவிந்து ஓரங்களில் மெலிந்துபோகும் அந்த நன்னீர்ப் படலத்துக்கு நன்னீர் வில்லை என்று பெயர். கல்முனைக் கரையில் அதன் கிழக்கு ஓரம் கடலில் மெலிகிறது, மேற்கு ஓரம் வயல்களின் பக்கம் சாய்கிறது.

விதி சொல்வது அசையாமல் நிற்கும் தண்ணீரைப் பற்றி. களத்தில் நன்னீரும் உவர்நீரும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நிற்பதில்லை, நடுவே இரண்டும் கலந்த ஒரு வலயம் உண்டு. இடையே களிமண் படை இருந்தால் கணக்கு மாறும். ஆனால் விதியை மறுபக்கமாக வாசித்துப் பார்த்தால், கரையோர நீர்வழங்கலின் முதல் சிக்கல் தெரிந்துவிடும். மேலே ஒரு சாண் தண்ணீரை இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உவர்நீர் ஒன்பது மீற்றர் வரை ஏறி வர இடம் கிடைக்கிறது.

வாளியால் அள்ளிய காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. வாளி எப்போதும் மேல்தண்ணீரைத்தான் எடுக்கும். ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் இடையில் கிணறு ஊறிக்கொள்ள நேரமும் இருந்தது. மோட்டர் வந்தபிறகு, உறிஞ்சும் குழாயின் வாய் கிணற்றின் அடியில், உவர்நீருக்கு மிக அருகில் போய் இருந்துவிட்டது. அரை மணி நேரம் விடாமல் இறைத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழும்பும். இறைப்பதை நிறுத்தினாலும் அது ஏறிய வேகத்தில் இறங்காது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் சவர்க்கத் தொடங்குவதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல.

ஆழமாகத் தோண்டினால் அதிகத் தண்ணீர் கிடைக்கும் என்பது உள்நாட்டில் பலித்த அறிவு. இங்கே ஆழமான குழாய்க்கிணறு நேராக உப்பைத் தொட்டுவிடும். ஆழம் குறைந்த, அகலமான, மெல்ல இறைக்கும் கிணறுகள் பலவாக இருப்பதே இந்த மணலுக்குப் பொருந்தும். பெரிய பம்பி ஒன்றை ஓரிடத்தில் நட்டு ஊர் முழுவதற்கும் தண்ணீர் எடுக்க நினைக்கும் எந்தத் திட்டமும் வில்லையின் நடுவைக் குத்தித் துளைத்துவிடும்.

எவ்வளவு உப்பு கலந்தால் தண்ணீர் கெட்டுப்போகும்? ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது. குடிநீரில் 250 மில்லிகிராமைத் தாண்டினாலே நாக்கு உப்பை உணரத் தொடங்கும். அதாவது நூறு குடம் நல்ல தண்ணீரில் ஒன்றேகால் குடம் கடல்நீர் சேர்ந்தால் போதும். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று வந்த சுனாமியில் அம்பாறை மாவட்டம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. இலங்கையின் மாவட்டங்களில் அதுவே மிகப் பெரிய இழப்பு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரக் குடியிருப்புகள் வரிசையாக அழிந்தன. உயிர் தப்பியவர்கள் திரும்பி வந்தபோது, கட்டு உடையாமல் நின்ற கிணறுகளில்கூடக் கடல் நிரம்பியிருந்தது. இலங்கை முழுவதிலும் 40,000க்கும் மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் அழிந்தன அல்லது மாசடைந்தன என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

கிணறு கெட்டால் இறைத்துச் சுத்தம் செய்வது நம்முடைய வழக்கம். சேற்றை எடுப்போம், அடிவரை இறைப்போம், ஊறிவரும் புதுத்தண்ணீரை நம்புவோம். நிவாரணத்துக்கு வந்தவர்களும் ஊர் இளைஞர்களும் பம்பிகளோடு இறங்கி அதைத்தான் செய்தார்கள். சில கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். தண்ணீர் உப்பாகவே வந்தது. இறைக்க இறைக்க உப்புக் கூடிய கிணறுகளும் உண்டு.

2005 பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை அமெரிக்க, இலங்கை, டென்மார்க் நீரியல் அறிஞர்களின் குழு ஒன்று இலங்கைக் கரையோரத்தை ஆராய்ந்தது. திஸ்ஸ இலங்கசேகர முதல் ஆசிரியராக இருந்து 2006இல் வெளியான அந்த ஆய்வு, கடல்நீர் நிலத்தடிக்குப் போன வழிகளைப் பிரித்துக் காட்டியது. திறந்த கிணறுகளுக்குள் அது நேராகக் கொட்டியது. வெள்ளமாகப் பரவி நின்றபோது மணல் வழியே இறங்கியது. பள்ளங்களில் தேங்கி நின்றது பிறகு பல நாட்கள் ஊறி இறங்கியது. எல்லாக் காலத்திலும் கீழே இருக்கும் உப்பு அன்று மேலிருந்தும் வந்துவிட்டது. நடுவில் அகப்பட்ட நன்னீரின் மேல் பாரமான கடல்நீர் ஏறி உட்கார்ந்தது. பாரமானது மேலே நிலைக்காது. அது விரல் விரலாக நன்னீரைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும், இறங்கும் வழியெல்லாம் கலக்கும்.

இந்த நிலையில் கிணற்றை அடிவரை இறைத்தால் என்ன ஆகும்? கிணற்றுக்குள் இருப்பது சில ஆயிரம் லீற்றர்தான். அது போனதும் சுற்றியுள்ள மணலில் ஊறிக் கிடக்கும் உப்புநீர் அந்த இடத்துக்கு ஓடிவரும். அதையும் இறைத்தால் அடியிலிருந்து பழைய கடல்நீர் எழும்பும். கரைகளும் சரியும். நிலத்தடி நீர் ஆய்வாளர் கேரன் வில்ஹோல்த் முதலானோர் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்ததில் தெரியவந்தது இதுதான்: கிணறுகளைத் திருத்தியது பெரும்பாலும் மழை. ஒன்றரை ஆண்டளவில் மணல் தன்னைத்தானே கழுவிக்கொண்டது. குப்பையையும் சேற்றையும் எடுத்து, கிருமிக்குக் குளோரீன் போட்டு, அதற்குமேல் இறைக்காமல் பொறுத்திருப்பதே நல்லது என்ற அறிவுரை அப்போதுதான் உருவானது.

மழை எப்படிக் கழுவுகிறது என்பதையும் எளிய கணக்கில் பார்க்கலாம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. பெரும்பகுதி வாடைக்காற்றோடு கார்த்திகையிலிருந்து தைக்குள் கொட்டிவிடும். அதில் மூன்றிலொரு பங்கு மணலுக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால் அரை மீற்றர் தண்ணீர். மணலில் நூற்றுக்கு முப்பது பங்கு இடைவெளி என்பதால், அந்த அரை மீற்றர் தண்ணீர் ஒன்றரை மீற்றருக்கும் மேற்பட்ட மணலில் உள்ள பழைய நீரைத் தள்ளிவிடும். ஒரே மாரியில் எல்லாம் சரியாகாமல் அடுத்த மாரியும் தேவைப்பட்டதன் காரணம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அலை வந்தது மாரி நடுவில் என்பதும் ஒரு வகையில் உதவியது. நிலத்தடி நீர் உயர்ந்திருந்தது, மணலில் காலியிடம் குறைவு, கடலுக்கு இறங்க இடமும் குறைவு. அவ்வளவு பெரிய அழிவின் நடுவிலும் கண்ணுக்குத் தெரியாமல் இப்படியொரு காப்பு நடந்திருக்கிறது.

உப்பை மழை கழுவும். மனிதர் சேர்ப்பதை அது அப்படிக் கழுவாது.

கரையோர ஊர்களின் காணி சிறியது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரு மெல்லிய மணல்திட்டு. பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துப் பத்து பேர்ச்சாகவும் அதற்குக் குறைவாகவும் வளவுகள் சுருங்கிவிட்டன. பத்து பேர்ச் என்றால் 253 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றர். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 15 மீற்றராவது வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொன்னால், ஒன்றைக் கிழக்கு எல்லையிலும் மற்றதை மேற்கு எல்லையிலும் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் இரண்டும் அயல்வீட்டுக்காரரின் கிணற்றுக்கும் குழிக்கும் பக்கத்தில் போய்விடும்! கிராமிய நீர்வழங்கல் விதிகள் விலகி விலகி நிற்கும் வீடுகளை நினைத்து எழுதப்பட்டவை. நகர விதிகள் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்டவை. எங்கள் கரையோர ஊர்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன.

பற்றீரியாக்களை மணல் ஓரளவு வடிக்கும், காலமும் அவற்றைக் கொல்லும். நைத்திரேற்றை மணல் பிடித்துவைக்காது. மலக்குழியின் அமோனியா காற்றோட்டமுள்ள மணலில் நைத்திரேற்றாக மாறி, தண்ணீரோடு தண்ணீராக நகரும். நிறமும் வாசமும் கிடையாது. கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைத்திரேற்று இன்னும் செறிவாகும். லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பது பால்குடிக் குழந்தைகளை எண்ணி. புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரில் இது கூடினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கும், உடல் நீலம் பாரிக்கும். குழாய்த் தண்ணீர் தேவைப்பட்டதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீர் வருவது மேற்கிலிருந்து. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், பட்டிப்பளை ஆறு என்று தமிழில் வழங்கிய ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியது. அத்திட்டப் பரப்புக்குள் அம்பாறை நகருக்கு அருகே இருக்கிறது கொண்டவட்டவான் குளம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அந்தக் குளத்து நீரைச் சுத்திகரித்துக் கட்டம் கட்டமாகக் கரையோர ஊர்களுக்குக் கொண்டுவந்தது. அம்பாறையிலிருந்து காரைதீவுச் சந்திக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர்.

25 கிலோமீற்றர் குழாய்க்குள் தண்ணீர் வினாடிக்கு 70 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடினால் வந்துசேரப் பத்து மணி நேரம் ஆகும். சுத்திகரிப்பு நிலையத்தில் இரவில் இஷாத் தொழுகைக்குப் பிறகு புறப்பட்ட தண்ணீர் காலையில் கல்முனைப் பக்கம் வரும். அதன் பிறகு நீர்த்தாங்கியில் நிற்கும், தெருக் குழாய்களில் ஊரும், ஒழுங்கை முடிவில் தேங்கும். இவ்வளவு நேரமும் கிருமிகளைத் தடுக்கும் குளோரீன் கரைந்துகொண்டே இருக்கிறது, நம் வெப்பத்தில் வேகமாகவே கரையும். கடைசி வீட்டுக் குழாயிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சவேண்டும். அதற்காகத் தொடக்கத்தில் அதிகம் போட்டால் முதல் வீடுகளில் மணம் தாங்காது, குளத்து நீரின் சேதனப் பொருளோடு சேர்ந்து வேண்டாத பொருள்களும் உண்டாகும். கச்சான் காற்றுக் காலத்தில் குளம் வற்றிப் பாசி பெருகும்போது இந்த இழுபறி இன்னும் கூடும்.

தட்டை நிலம் இன்னொரு சிக்கல். மலைநாட்டில் ஊற்றை மேலே பிடித்து ஊரைக் கீழே வைத்தால் குழாய் தானாக ஓடும். கரையோரத்தில் உயரத்தை நாம்தான் கட்டவேண்டும். பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். ஊருக்கு ஊர் தென்னைகளுக்கு மேலே தலைகாட்டும் நீர்த்தாங்கிகள் சேமிப்புக்காக மட்டும் அங்கே நிற்கவில்லை. அவை நாம் செய்துகொண்ட குன்றுகள்.

உயரத்தைக் கட்டிவிட்டாலும் குழாயின் குறுக்களவு அதைத் தின்றுவிடும். அதே அளவு தண்ணீரை விட்டத்தில் பாதியான குழாய்க்குள் தள்ளினால் உராய்வில் போகும் அழுத்தம் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ அல்ல, ஏறத்தாழ 29 மடங்கு கூடும். இருபது ஆண்டுக்கு முன் இருபது வீட்டுக்குப் போட்ட குழாயில் இன்று எண்பது வீடுகள் இருந்தால் ஒழுங்கையின் கடைசி வீட்டில் பகலில் தண்ணீர் வராது. ஒழுங்கை மக்கள் அதைப் பாரபட்சம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது விட்டம்.

தேவை நாளெல்லாம் சீராக இருப்பதுமில்லை. வடிவமைப்பாளர்கள் சராசரித் தேவையை ஒரு உச்சக் காரணியால் பெருக்குவார்கள். அந்தக் காரணியைப் பாடநூலிலிருந்து மட்டும் எடுத்தால் இந்த ஊர்களுக்குப் போதாது. அதிகாலைச் சுபஹுத் தொழுகையின் பாங்கோடு ஊரே எழும்புகிறது. வீட்டிலும் பள்ளிவாசல் தொட்டியான ஹவ்ழிலும் ஒரே நேரத்தில் வுழூ, அதாவது தொழுகைக்கு முந்திய கழுவல். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் குளிப்பு. நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துச் சமையலும் கழுவலும் அதிகாலை மூன்று மணிக்கே தொடங்கிவிடும், அதாவது தாங்கிகள் நிரம்பவேண்டிய நேரத்திலேயே காலியாகத் தொடங்கும். ஊரின் நாட்காட்டியைத் தெரிந்தவர் தாங்கியின் கொள்ளளவைக் கணிக்கும் மேசையில் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உயர்ந்த நிலத்தடி நீர் கட்டுமானத்தையும் விட்டுவைப்பதில்லை. மாரியில் குழாய்க்குக் கான் வெட்டினால் மணல் சரிந்து தண்ணீர் நிரம்பும். உள்ளே இரண்டு மீற்றர் கனசதுரமாக, பத்து சென்ரிமீற்றர் சுவரோடு ஒரு நிலக்கீழ் கொங்கிரீட் தொட்டி கட்டினால் அதன் எடை ஆறு தொன்னைச் சற்றுத் தாண்டும். நிலத்தடி நீர் அதன் தலைமட்டம் வரை ஏறினால் அது இடம்பெயர்க்கும் நீரின் எடை பத்துத் தொன்னுக்கு மேல். தொட்டி வெறுமையாக இருந்தால் மண்ணுக்குள்ளிருந்து மேலே கிளம்பப் பார்க்கும். கொங்கிரீட் மிதக்கும்!

இந்த ஈர மணலுக்குள்தான் குடிநீர்க் குழாயும் கிடக்கிறது, மலக்குழிகளின் ஊறலுக்கு நடுவே. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை வெடிப்பு வழியே நல்ல தண்ணீர் வெளியேறும். அது வீண், ஆனால் நஞ்சல்ல. விநியோகம் நின்ற நேரத்தில், அல்லது யாரோ ஒருவர் தெருக் குழாயில் நேராக மோட்டரைப் பூட்டி உறிஞ்சும் நேரத்தில், அழுத்தம் தலைகீழாகும். அப்போது அதே வெடிப்பு வழியே வெளியே உள்ளது உள்ளே வரும். கிணற்றைக் கெடுத்த நீர் குழாய்க்குள்ளும் புகுவது இப்படித்தான். தெருக் குழாயில் மோட்டர் பூட்டக்கூடாது என்ற விதி பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயிற்றைக் காப்பதற்கானது.

குழாய்த் தண்ணீர் வந்தபின் மணலுக்குள் நடப்பதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. முன்பு கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீரே பாவனைக்குப் பின் அதே மணலுக்குத் திரும்பியது. இப்போது பட்டிப்பளை ஆற்றின் தண்ணீர் நாள்தோறும் வீட்டுக்குள் வந்து, கழுவி, குளித்து, மலக்குழி வழியே மணலில் சேர்கிறது. வில்லைக்கு வெளியூர்த் தண்ணீர் வரத்து கூடியிருக்கிறது, இறைப்பும் குறைந்திருக்கிறது. உப்பைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. அழுக்கைப் பொறுத்தவரை மிகக் கெட்ட செய்தி. குடிக்காத கிணற்றைக் காக்க யாருக்கும் மனமில்லாமல் போவதால், பல வளவுகளில் அது குப்பைக் குழியாகவும் ஊறல் குழியாகவும் மாறுகிறது. கழிவுக்குத் தீர்வில்லாமல் குழாயை மட்டும் கொண்டுவந்தால் வேலை பாதியில்தான் நிற்கிறது.

கிணறு எதற்கு இனி என்று கேட்பவர்களுக்கு மாலைத்தீவின் தலைநகர் மாலே ஒரு பதில். அந்தச் சிறு தீவின் வில்லை அளவுக்கு மீறி இறைக்கப்பட்டும் கழிவு கலந்தும் குடிக்க உதவாமல் போய், நகரம் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஒரே நிலையத்தை நம்பியிருந்தது. 2014 டிசம்பர் 4ஆம் திகதி அங்கே தீப்பிடித்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குக் குழாய் வறண்டது. இந்தியாவிலிருந்து விமானத்தில் தண்ணீர் வந்தது. ஆம்ஸ்டர்டாம் வேறு வழியில் போனது. 1853 முதல் கடற்கரை மணற்குன்றுகளின் நீரைக் குடித்த அந்த நகரம், வில்லை மெலிந்து உப்பு ஏறுவதைக் கண்டு, 1957 முதல் ரைன் ஆற்று நீரைத் துப்புரவாக்கி மணலுக்குள் இறக்கத் தொடங்கியது. மணலைக் களஞ்சியமாகவும் வடியாகவும் இன்றும் பயன்படுத்துகிறது.

அந்த அளவு பெரிய வேலை நமக்கு வேண்டியதில்லை. கூரை மழையைப் பீலி வைத்துப் பிடித்து, முதல் மழையை வெளியே விட்டு, மிச்சத்தைச் சரளையும் மணலும் போட்ட ஒரு குழி வழியே கிணற்றோரம் இறக்கினால் போதும். தமிழ்நாடு 2003இல் இதைக் கட்டிடங்களுக்குக் கட்டாயமாக்கியது. நூறு சதுர மீற்றர் கூரையில் நம்முடைய ஓராண்டு மழை 1,60,000 லீற்றர். பாதியை மணலுக்குக் கொடுத்தாலும் 80,000 லீற்றர், அழுக்கில்லாத வரத்து.

கடல் தரையைத் தின்னும் இடங்களில் இது இன்னும் அவசரம். ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு ஒலுவிலும் நிந்தவூரும் கரையரிப்பில் தென்னந்தோப்புகளை இழந்தன. மணல்திட்டு ஒடுங்கினால் அதன் மேல் பெய்யும் மழையும் குறையும், வில்லையும் மெலியும்.

எங்கே எவ்வளவு மெலிகிறது என்று அறிய உள்ளங்கை அளவான மின்கடத்துதிறன் மானி ஒன்று போதும். உப்புக் கூடினால் தண்ணீர் மின்னைக் கூடுதலாகக் கடத்தும். கடல்நீரில் அது சென்ரிமீற்றருக்கு 50,000 மைக்ரோசீமன்ஸ் அளவில் இருக்கும், நல்ல கிணற்றில் சில நூறுதான். ஒவ்வொரு பாடசாலையும் பள்ளிவாசலும் கோயிலும் தன் கிணற்றில் ஆண்டுக்கு இரண்டு தடவை, மாரி தொடங்குமுன் புரட்டாதியிலும் மாரி முடிந்த மாசியிலும், மேல்தண்ணீரில் ஒன்றும் அடித்தண்ணீரில் ஒன்றுமாக அளந்து ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். பத்தாம் வகுப்பு மாணவரால் செய்ய முடிந்த வேலை. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்காண்டு விரிந்தால் உப்பு அடியிலிருந்து ஏறுகிறது. இரண்டும் ஒன்றாகக் கூடினால் சந்தேகம் மலக்குழியின் மேல் விழவேண்டும், அடுத்ததாக நைத்திரேற்றுப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பவேண்டும். ஐந்தாறு ஆண்டுக் கொப்பிகளை மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை வரிசையாக வைத்தால், எந்த ஊரில் எந்தத் தெருவுக்குக் கிழக்கே மோட்டர் போடக்கூடாது, எந்தக் கிணறுகளை அவசரகாலத்துக்கென்று காத்துவைக்கவேண்டும் என்று உள்ளூராட்சிச் சபைகள் கோடு கிழித்துக் காட்ட முடியும்.